ஷவரில் தண்ணி வரல! – ஒரு நாலடி வரலாறு

திருநகர் 3வது ஸ்டாப் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்த்தளம் அப்பா காலத்தில் கட்டியது. மாடி, பிள்ளைக்குக் கல்யாணம் ஆனபோது கட்டியது. மாடி பாத்ரூமில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு ஷவர், கடையில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியது. திறந்தால் தண்ணீர் தலையில் விழாது. ஷவரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஓரமாக ஒழுகும். பிளம்பர் வருவார், கழற்றுவார், ஊதுவார், மாட்டுவார். "ப்ரெஷர் இல்ல சார்" என்று சொல்லிவிட்டு இருநூறோ முந்நூறோ வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த ப்ரெஷர் எங்கே போச்சு? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனால் தேக்கடி, லண்டன், நாட்டிங்ஹாம் என்று எங்கெங்கோ சுற்ற வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு விஷயம். மதுரைக்காரர்களுக்கு ப்ரெஷர் பற்றித் தனியாகப் பாடம் எடுக்கத் தேவையே இல்லை. இந்த ஊர் தண்ணீரை லிட்டரில் பேசுவதில்லை, அடியில்தான் பேசும். வைகை அணைக்கு (1959-ல் கட்டி முடித்தது) முழு மட்டம் 71 அடி. 66 அடி வந்தால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. டீக்கடையில் பேப்பர் படிக்கிற எல்லோருக்கும் இது மனப்பாடம். முல்லைப் பெரியாறு என்றால் 152, 136, 142 என்று மூன்று எண்கள். 1979-ல் 136 அடியாகக் குறைத்தார்கள். 142 வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006-ல் ஒரு முறையும் 2014-ல் மறுபடியும் சொன்னது. இரண்டு மாநிலங்கள் இத்தனை வருடம் மல்லுக்கட்டிய அந்த வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? ஆறே அடி.

மாடி ஷவரின் பிரச்சினையும் சரியாக இதே மாதிரி ஒரு நாலடி, ஆறடி சமாச்சாரம்தான்.

குழாய்த் தண்ணீரின் அழுத்தம் அதற்கு மேலே எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்பதை மட்டும்தான் பொறுத்தது. எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அல்ல. 500 லிட்டர் டேங்கை எடுத்துவிட்டு 2000 லிட்டர் டேங்க் வைத்தால் ஷவர் பிய்த்துக்கொண்டு வரும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தண்ணீர் மட்டம் அதே உயரத்தில் இருந்தால் ஒரு மாற்றமும் இருக்காது. இதை 1586-லேயே எழுதி வைத்தவர் சைமன் ஸ்டெவின் என்ற ஃபிளாண்டர்ஸ்காரர். (காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு ஓர் உபரித் தகவல்: 1582-ல் வட்டி அட்டவணைகளை அச்சிட்டு வெளியிட்டவரும் இதே ஸ்டெவின்தான். அரசாங்கக் கணக்கையும் இரட்டைப் பதிவு முறையில் எழுதச் சொன்னவர். ஒரே ஆள்!)

அடுத்தது டாரிசெல்லி. 1644-ல் அவர் சொன்னது: துளை வழியாக வெளியேறும் தண்ணீரின் வேகம், உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதாவது உயரத்தை இரண்டு மடங்காக்கினால் தண்ணீர் இரண்டு மடங்கு வராது, சுமார் 1.4 மடங்குதான் வரும். இரண்டு மடங்கு வேண்டுமென்றால் உயரத்தை நாலு மடங்காக்க வேண்டும்.

இப்போது திருநகர் வீட்டுக்கு இந்தக் கணக்கைப் போடலாம். மாடியின் தளத்துக்கு மேல் ஒரு சின்னத் திண்டு, அதன்மேல் டேங்க். டேங்கின் அடிப்பாகத்துக்கும் ஷவர் வாய்க்கும் நடுவில் நாலடி இருந்தால் அதிகம். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் என்றால் சுமாராக 1 பார் அழுத்தம். நாலடிக்கு 0.12 பார். அமெரிக்காவில் 1992-ல் ஷவருக்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள், நிமிடத்துக்கு 2.5 கேலனுக்கு (சுமார் 9.5 லிட்டர்) மேல் விடக்கூடாது என்று. அந்த அளவை எந்த அழுத்தத்தில் சோதிக்க வேண்டும் என்றால், சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு. அந்த அழுத்தம் வேண்டுமென்றால் டேங்கை 185 அடி உயரத்தில் வைக்க வேண்டும். மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரமே சுமார் 170 அடிதான்!

அங்கே தண்ணீர் அதிகமாக வருகிறதே என்று சட்டம் போடுகிறார்கள். அந்த மாதிரி அழுத்தத்துக்காக வடிவமைத்த ஷவரைத்தான் இங்கே நாலடி டேங்குக்குக் கீழே மாட்டிவிட்டு பிளம்பரைத் திட்டுகிறோம் என்கிறார்கள் வீட்டுக்காரர்கள். கீழ்த்தள ஷவருக்கு மட்டும் ஏன் பரவாயில்லை? அதற்கு ஒரு மாடி உயரம், பத்தடி, கூடுதலாகக் கிடைக்கிறது. 14 அடிக்கும் 4 அடிக்கும் உள்ள வித்தியாசத்தை டாரிசெல்லி கணக்கில் போட்டால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தண்ணீர். அப்பா கட்டிய பாத்ரூமில் நன்றாக வருவதும், மகன் கட்டியதில் அழுது வடிவதும் இதனால்தான்.

சரி, தண்ணீர் மொட்டை மாடிக்கு எப்படிப் போனது? அதுதான் உண்மையான கதை.

பழைய மதுரைக்கு ப்ரெஷர் தேவைப்படவில்லை. திருமலை நாயக்கர் 1645-ல் வெட்டிய மாரியம்மன் தெப்பக்குளத்துக்கு வைகையிலிருந்து நிலத்தடிக் கால்வாய் வழியாகத் தண்ணீர் தானாகவே வந்தது. ஆறு மேட்டில், குளம் பள்ளத்தில். அவ்வளவுதான் சூத்திரம். தென்கால் கண்மாய், நிலையூர் கண்மாய் எல்லாம் அதே வகை. குளிக்க வேண்டுமென்றால் மனிதன் தண்ணீரிடம் போவான். உச்சந்தலையில் அடிக்கிற தண்ணீர் வேண்டுமென்றால் குற்றாலத்துக்குப் போவான். வீட்டில் கிணறு, ராட்டினம், வாளி. தண்ணீரை ஏற்றுகிற செலவு முழுவதும் கைக்குத்தான், பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கைக்கு.

1866-ல் மதுரைக்கு நகராட்சி வந்தது. பிற்பாடு வைகை மணலில் கிணறு இறக்கி, குழாய் பதித்து, மேல்நிலைத் தொட்டி கட்டினார்கள். தெருவுக்குத் தெரு நிற்கும் அந்தப் பெரிய தொட்டி ஏன் அவ்வளவு உயரம்? அழகுக்காகவா? தொட்டியின் உயரமே வீட்டுக் குழாயின் ப்ரெஷர். ஊருக்கே பொதுவாக ஒரு உயரம் கட்டிக் கொடுத்தால், வீட்டுக்கு வீடு தனித்தனியாக உயரம் தேட வேண்டியதில்லை என்பதுதான் திட்டம். மத்திய அரசின் 1999-ஆம் வருடக் குடிநீர் வழங்கல் கையேட்டைப் பாருங்கள்: தரைத்தளம் மட்டும் உள்ள இடத்தில் குழாயில் 7 மீட்டர், ஒரு மாடி இருந்தால் 12 மீட்டர், இரண்டு மாடி என்றால் 17 மீட்டர் அழுத்தம் மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது. 12 மீட்டர் என்றால் 39 அடி. அது நிஜமாகவே குழாயில் இருந்தால் திருநகர் மாடி ஷவருக்கு டேங்கே தேவையில்லை. நேராக இணைத்துவிடலாம்.

நிஜத்தில் நடந்தது வேறு. தண்ணீர் எல்லா நேரமும் வராமல் முறை வைத்து வர ஆரம்பித்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், வறட்சி வந்தால் அதைவிடக் குறைவாக. எல்லா வீடும் ஒரே ஒரு மணி நேரத்தில் பிடித்தாக வேண்டும். எல்லாரும் ஒரே சமயத்தில் திறந்தால் குழாயில் ப்ரெஷர் எப்படி நிற்கும்? அந்தக் காலத்தில் தமிழ்நாட்டு ஊர்களில் வாசலில் ஒரு குழி வெட்டியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். குழாயை வெட்டித் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கி, குழிக்குள் குடத்தை வைத்துப் பிடிப்பார்கள். டாரிசெல்லி பெயரைக் கேள்விப்படாதவர்கள்தான், ஆனால் டேங்கை ஏற்ற முடியாவிட்டால் குழாயை இறக்கு என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இரண்டடி ப்ரெஷருக்காக வெட்டிய குழி! குழாயடிச் சண்டையில் பாதி இந்த இரண்டடிக்குத்தான். குழிக்குள் நிற்கிற சாக்கடைத் தண்ணீரும் சேர்ந்து குடத்துக்கு வந்தது.

பிறகு அடிபம்பு. பிறகு திருச்செங்கோட்டிலிருந்து வரும் போர் வண்டிகள். பிறகு தரைக்குக் கீழே சம்ப், ஒரு மோட்டார், மேலே டேங்க். டேங்க் முதலில் செங்கல் சிமெண்டில் கட்டியதுதான். 1975-ல் குஜராத்தின் கலோல் ஊரில் ஒரு துணி மில்காரர்கள் பிளாஸ்டிக் தொட்டி செய்ய ஆரம்பித்தார்கள், பெயர் சின்டெக்ஸ். கொஞ்ச காலத்தில் எந்தக் கம்பெனி டேங்காக இருந்தாலும் அதற்குப் பெயர் சின்டெக்ஸ்தான் என்றாகிவிட்டது. கொத்தனார் தேவையில்லை, நாலு பேர் கயிறு கட்டித் தூக்கினால் போதும். இந்தியாவின் மொட்டை மாடி எல்லாம் கறுப்புத் தொட்டி முளைத்தது.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய கூத்து என்று நினைத்தால் தப்பு. 19-ஆம் நூற்றாண்டு லண்டனில் தண்ணீர் கம்பெனிகள் தினம் சில மணி நேரம்தான் தண்ணீர் விட்டன. வீட்டுக்கு வீடு தொட்டியில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். 1831-லேயே நாட்டிங்ஹாமில் தாமஸ் ஹாக்ஸ்லி என்ற இன்ஜினியர், இரவு பகல் எந்நேரமும் அழுத்தத்தோடு தண்ணீர் கொடுக்க முடியும் என்று செய்தே காட்டிவிட்டார். அப்படிக் கொடுத்தால் குழாய்க்குள் வெளி அழுக்கு நுழையாது என்பதும் அதில் சேர்ந்த லாபம். நிறைந்து நிற்கிற குழாயில் விரிசல் இருந்தால் தண்ணீர் வெளியே கசியும், காலியான குழாயில் விரிசல் இருந்தால் சாக்கடை உள்ளே வரும். லண்டன் கம்பெனிகள் முடியாது, கட்டுப்படியாகாது என்று இழுத்தடித்தன. 1852-ல் ஒரு சட்டம், 1871-ல் இன்னொரு சட்டம் போட்டு, நூற்றாண்டு முடிகிற நேரத்தில்தான் ஓரளவு வழிக்கு வந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், முறைத் தண்ணீர் ஒழிந்த பிறகும் தொட்டி ஒழியவில்லை. பிரிட்டிஷ் வீடுகளில் கூரைக்கு அடியில் அந்தத் தொட்டி இன்னும் ஒரு நூறு வருடம் உட்கார்ந்திருந்தது. விளைவு? ஷவரில் தண்ணீர் நூல் மாதிரி வருகிற நாடு என்று ஐரோப்பா முழுக்க பிரிட்டனுக்குக் கெட்ட பெயர். நாலடி உயரத் தொட்டி எந்த நாட்டில் இருந்தாலும் நாலடிதானே!

இனி கணக்குப் புத்தகத்துக்கு வரலாம்.

மாநகராட்சி தண்ணீரைப் பம்ப் செய்து உயரமான தொட்டிக்கு ஏற்றுகிறது. இது முதல் செலவு. அங்கிருந்து இறங்குகிற தண்ணீர் திருநகர் வீட்டின் வாசலில், தரைக்குக் கீழே ஆறடியில் இருக்கும் சம்ப்பில் தொபதொபவென்று விழுகிறது. விழுந்த கணத்தில் அத்தனை ப்ரெஷரும் பூஜ்யம். மேல்நிலைத் தொட்டியின் உயரத்துக்குச் செலவழித்த மின்சாரம் அந்தச் சத்தத்தோடு முடிந்தது. அதே தண்ணீரை வீட்டு மோட்டார் முப்பது அடிக்குத் திரும்ப ஏற்றுகிறது. இது இரண்டாவது செலவு. அப்புறமும் ஷவர் வரவில்லை என்று டேங்குக்குப் பக்கத்தில் ஒரு பிரஷர் பம்ப் வைத்தால் மூன்றாவது. ஒரே சரக்கை மூன்று முறை மூட்டை தூக்குகிற கதை.

சம்ப், மோட்டார், டேங்க், பம்ப் என்று எல்லாமே வீட்டுக்காரரின் முதலீடு. தேய்மானமும் அவருக்குத்தான். தெருக்கோடித் தொட்டி ஒன்று செய்ய வேண்டிய வேலையை ஆயிரம் வீட்டுத் தொட்டிகள் செய்கின்றன. ஆனால் இந்த ஆயிரம் தொட்டிச் செலவு எந்த மாநகராட்சி பட்ஜெட்டிலும் வராது. அதனால்தான் தண்ணீர் மலிவாகக் கிடைப்பது போல் ஒரு தோற்றம். மொட்டை மாடியே இல்லாத, சம்ப் தோண்ட இடமே இல்லாத ஒண்டுக்குடித்தனக்காரருக்கு இந்த முதலீடு செய்யவும் வழியில்லை. அவருக்கு இன்றும் குடமும் குழாயடியும்தான்.

இதைவிட மோசம், குழாயிலேயே நேராக மோட்டாரை மாட்டி உறிஞ்சுவது. சட்டப்படி தப்பு. மாநகராட்சிகள் அவ்வப்போது வந்து மோட்டாரைப் பிடுங்கிக்கொண்டு போவதும் உண்டு. ஒருவர் உறிஞ்சினால் பக்கத்து வீட்டுக்குக் காற்றுதான் வரும். உடனே அவரும் ஒரு மோட்டார் வாங்குவார். கடைசியில் தெருக்கோடி வீட்டுக்கு ஒன்றும் வராது, சாக்கடைக் கசிவு மட்டும் உள்ளே இழுபடும். கி.பி. 97-ல் ரோம் நகரத் தண்ணீர் அதிகாரியாக வந்த ஃப்ரான்டினஸ் எழுதி வைத்த புகார்ப் பட்டியலும் கிட்டத்தட்ட இதுதான்: அனுமதித்ததைவிடப் பெரிய குழாயைச் செருகுகிறார்கள், திருட்டுத் துளை போடுகிறார்கள், நம் ஊழியர்களே உடந்தை. :-)

திருநகர் 2011-ல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது. அதுவரை தனிப் பேரூராட்சி, பக்கத்து ஹார்விபட்டியும் அப்படித்தான். அந்த ஒரே மாற்றத்தில் மாநகராட்சியின் பரப்பு சுமார் 52 சதுர கிலோமீட்டரிலிருந்து 148-க்குப் போனது, வார்டுகள் 72-லிருந்து 100 ஆனது. ஊர் மூன்று மடங்கானால் குழாயும் மூன்று மடங்கு ஓட வேண்டும். குழாய் நீள நீள, உராய்விலேயே ப்ரெஷர் கரையும். கடைக்கோடி வார்டுகளுக்கு வந்து சேருகிறபோது மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

சரி, நாலடி டேங்க் வீட்டில் என்னதான் செய்வது? வரலாறு பேசினால் தலை நனையாதே!

முதலில் ஒரு வாளியும் கடிகாரமும் போதும். ஷவரைக் கழற்றிவிட்டு வெறும் குழாயில் பத்து லிட்டர் வாளி எத்தனை நேரத்தில் நிறைகிறது என்று பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் நிறைந்தால் குழாய் நலம், குற்றவாளி ஷவர்தான். போர் தண்ணீர் என்றால் துளைகளில் வெள்ளையாக உப்பு படிந்திருக்கும். கால்சியமும் மக்னீசியமும்தான், எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஒரு ராத்திரி ஊறப்போட்டால் கரையும். தகடு போன்ற அகல ஷவரை மாற்றி, சின்னதாக, துளை பெரிதாக உள்ள பழைய மாடல் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

வெறும் குழாயிலும் மெதுவாக வந்தால் டேங்குக்குக் கீழே உள்ள கேட் வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். வெளியே பிடி சுற்றும், உள்ளே தகடு கழன்று விழுந்து பாதி வழியை அடைத்திருக்கும். வீடு பழையது, ஜி.ஐ. பைப் என்றால் உள்ளே துருவும் உப்பும் ஏறி ஓட்டை சுருங்கியிருக்கும். விட்டம் பாதியானால் தண்ணீர் பாதியாகாது, சுமார் ஆறில் ஒரு பங்காகிவிடும்! பைப்பை மாற்றுவதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை. டேங்கைக் கழுவிய மறுநாள் மட்டும் தண்ணீர் வராவிட்டால் அது ஏர் லாக். டேங்கிலிருந்து இறங்கும் பைப்பில் மேல்நோக்கி ஒரு காற்றுக் குழாய் விட்டால் சரியாகும்.

மோட்டார் போட்டு நிறுத்தியவுடன் ஷவர் கொஞ்சம் ஜோராக வருவதைப் பலர் கவனித்திருப்பார்கள். பிரமை இல்லை. நிறைந்த டேங்கில் தண்ணீர் மட்டமே மூன்றடி கூடுதல். ஆகவே டேங்கைப் பாதிக்குக் கீழே விடாமல் வைத்திருப்பதும் ஒரு வழி, அதுவும் இலவச வழி.

எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லையென்றால் உயரம்தான். டேங்கை மாடிப்படி அறையின் தளத்துக்கு மேலே ஏற்றினால் இன்னும் ஏழெட்டு அடி கிடைக்கும். ஐந்தடி ஏற்றினாலே நாலு ஒன்பதாகும், தண்ணீர் ஒன்றரை மடங்காகும். ஒரு தடவை செலவு, அப்புறம் மின்சாரம் வேண்டாம், சத்தம் இல்லை. இது முடியாதவர்களுக்குத்தான் பிரஷர் பம்ப். 2012-ல் தமிழ்நாட்டின் பல ஊர்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போனதை மறக்காதவர்கள் டேங்கை ஏற்றுவதையே தேர்ந்தெடுப்பார்கள்.

இருபத்து நாலு மணி நேரமும் குழாயில் அழுத்தம் இருப்பது இந்தியாவில் நடக்காத காரியமும் இல்லை. 2008-ல் கர்நாடகத்தின் ஹூப்ளி–தார்வாட், பெல்காம், குல்பர்கா ஊர்களில் சில பகுதிகளில் செய்து காட்டினார்கள். 2021-ல் ஒடிசாவின் புரி, ஊர் முழுக்கக் குழாயிலேயே குடிக்கும் தண்ணீர் என்று அறிவித்தது. மதுரைக்காக 2020-களில் லோயர் கேம்ப்பிலிருந்து பண்ணைப்பட்டி வழியாகக் குழாய் பதித்தார்கள், நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம்.

அந்த லோயர் கேம்ப்பில்தான் ப்ரெஷர் எங்கே போச்சு என்பதற்கும் பதில் இருக்கிறது. பென்னிகுயிக் 1895-ல் முடித்துக் கொடுத்த அணையின் தண்ணீர் தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வருகிறது. ஆரம்பத்தில் ஓடை வழியாகச் சும்மா சரிந்து இறங்கியது. 1950-களின் கடைசியில் அங்கே மின் நிலையம் வந்தது. ஆயிரம் அடிக்கும் மேலிருந்து இரும்புக் குழாயில் விழும் தண்ணீர் டர்பைன்களைச் சுற்றிவிட்டு, சாதுவாக வெளியே வந்து வைகை அணைக்கு நடக்கிறது. அங்கே எடுத்த மின்சாரம் கம்பி வழியாக மாநிலம் முழுக்கப் போகிறது. திருநகர் வீட்டு மோட்டாரின் சுவிட்சைப் போடும்போது அதில் ஒரு துளியும் கலந்திருக்கும்.